உறுதிமொழி நாட்டுக்கு மட்டும் இருக்கட்டும்: டெக்சாஸ் சட்டமன்றத்துக்கும் பள்ளி அறங்காவலர்களுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய டெக்சாஸ் சட்டமன்ற உறுப்பினர்களுக்கும் பள்ளி மாவட்ட அறங்காவலர்களுக்கும்:

பள்ளி நாளில் பிரார்த்தனைக்கும் சமய நூல் வாசிப்புக்கும் தனி நேரம் ஒதுக்குவதா வேண்டாமா என்று ஒவ்வொரு பள்ளி மாவட்டமும் வாக்கெடுக்க வேண்டும் என்றது, 2025ஆம் ஆண்டுக் கூட்டத்தொடரில் சட்டமன்றம் நிறைவேற்றிய செனட் மசோதா 11. அந்தச் சட்டம் எங்களுக்கு உடன்பாடானது அல்ல. ஆனாலும் அதற்குள் சரியான விதி ஒன்று இருக்கிறது. பெற்றோர் கையெழுத்திட்ட ஒப்புதல் படிவம் வந்து சேராதவரை எந்தப் பிள்ளையையும் அந்த நேரத்தில் சேர்க்கக் கூடாது. பிள்ளையின் வாயில் கடவுள் பெயர் வரும் முன்னே வீட்டைக் கேட்க வேண்டும் என்பதை நீங்களே சட்டமாக எழுதியிருக்கிறீர்கள்.

அதே பிள்ளை அதே கட்டடத்தில் அன்று காலை மணி அடித்த கொஞ்ச நேரத்திலேயே இரண்டு முறை “அண்டர் காட்” (கடவுளுக்குக் கீழ்) சொல்லி முடித்திருக்கும். அதற்கு யாரும் வீட்டைக் கேட்பதில்லை. கல்விச் சட்டத்தின் 25.082ஆம் பிரிவு, பள்ளி நடக்கும் ஒவ்வொரு நாளும் அமெரிக்கக் கொடிக்கான உறுதிமொழியையும் டெக்சாஸ் கொடிக்கான உறுதிமொழியையும் மாணவர்களைச் சொல்ல வைக்கும்படி மாவட்டங்களுக்குக் கட்டளையிடுகிறது. வேண்டாம் என்கிற பெற்றோர்தான் எழுதிக் கொடுக்க வேண்டும். பிரார்த்தனை நேரம் என்றால் சம்மதம் எழுதினால்தான் சேர்க்கை. உறுதிமொழி என்றால் மறுப்பு எழுதினால்தான் விலக்கு. இந்த முரணைச் சட்டமன்றம் கண்டுகொள்ளாமலே கலைந்துவிட்டது. அதனால்தான் இந்த மடல்.

எழுதுகிற நாங்கள் டெக்சாஸ் பொதுப்பள்ளிகளில் பாடம் நடத்துகிற, மாற்று ஆசிரியராகப் போகிற, பிள்ளைகளை அனுப்புகிற தமிழர்கள். எங்களில் கோயிலுக்குப் போகிறவர்கள் உண்டு, ஞாயிறு ஆராதனைக்குப் போகிறவர்கள் உண்டு, வெள்ளிக்கிழமை தொழுகைக்குப் போகிறவர்கள் உண்டு, எங்கும் போகாதவர்களும் உண்டு. கடவுளுக்கு எதிராகவோ கொடிக்கு எதிராகவோ இதில் ஒரு வரியும் இல்லை. நாட்டுக்கு உறுதி கூற விரும்பும் பிள்ளை, கடவுளைப் பற்றி எதுவும் சொல்லாமல் அந்த உறுதியை முழுமையாகக் கூற வழி வேண்டும். இன்று அந்த வழி இல்லை. தமிழில் எழுதுவதற்குக் காரணம், விலக்குக் கடிதம் எழுத வேண்டிய பெற்றோரும் இதைப் படிக்க வேண்டும் என்பதே.

முதலில் காலையில் வகுப்பறைக்குள் என்ன நடக்கிறது என்பதைச் சொல்லிவிடுகிறோம். சட்டம் இயற்றுகிற இடத்திலிருந்து பார்த்தால் இது ஒரு நிமிடச் சடங்காகத்தான் தெரியும்.

ஸ்பீக்கரில் குரல் வரும். பல தொடக்கப் பள்ளிகளில் அந்தக் குரல் ஒரு மாணவருடையது. எல்லாரும் எழுந்து கொடியைப் பார்த்து நின்று வலக்கையை நெஞ்சில் வைப்பார்கள். அமெரிக்க உறுதிமொழி 31 சொல், கால் நிமிடம்கூட ஆகாது. கை இறங்காமலே டெக்சாஸ் உறுதிமொழி, அதற்கும் பாதி நேரம். அடுத்து ஒரு நிமிட மௌனம். அதில் பிள்ளை பிரார்த்திக்கலாம், தியானிக்கலாம், சும்மா யோசித்துக்கொண்டும் நிற்கலாம் என்று அதே 25.082ஆம் பிரிவு சொல்கிறது. பிரார்த்திக்க விரும்பும் பிள்ளைக்கு உரிய இடம் தினமும் அங்கேயே, உறுதிமொழி முடிந்த கையோடு, இருக்கிறது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

கிண்டர்கார்டனில் முதல் சில வாரங்களுக்கு ஆசிரியர் ஒவ்வொரு துண்டாகச் சொல்லிக் கொடுப்பார், பிள்ளைகள் திருப்பிச் சொல்வார்கள். துண்டு பிரிகிற இடத்தில்தான் சிக்கல். “ஒன் நேஷன் அண்டர் காட்” (கடவுளுக்குக் கீழ் ஒரே நாடு) என்பது ஒரே துண்டாக வரும், “இன்டிவிசிபிள்” (பிரிக்க முடியாதது) தனித் துண்டாக வரும். நாடு ஒன்று, கடவுள் வேறு என்று பிரித்துச் சொல்ல இடமே கிடையாது. 1954இல் அதைச் சேர்த்தவர்கள் வேண்டுமென்றே அப்படித்தான் சேர்த்தார்கள். “நேஷன்” என்ற சொல்லுக்குப் பின்னால் காற்புள்ளி வேண்டுமா என்று அன்றைக்குக் கேள்வி எழுந்தது. வேண்டாம், இரண்டும் சேர்ந்தே ஒலிக்கட்டும் என்று முடிவானது. இன்றும் கூட்டாட்சிச் சட்டத்தில் அந்த இடத்தில் காற்புள்ளி இல்லை.

எண்ணிக்கையையும் பாருங்கள். ஆண்டுக்கு ஏறக்குறைய 170 பள்ளி நாள் என்று வைத்துக்கொண்டால், கிண்டர்கார்டன் முதல் 12ஆம் வகுப்பு வரை 13 ஆண்டுகளில் 2,210 காலைகள். ஒவ்வொரு காலையிலும் இரண்டு உறுதிமொழி. ஐந்து வயதில் தொடங்கி ஒரு பிள்ளை 4,420 முறை தன் நாடும் தன் மாநிலமும் கடவுளுக்குக் கீழ் இருப்பதாகச் சொல்கிறது. டெக்சாஸ் பொதுப்பள்ளிகளில் படிக்கும் பிள்ளைகள் ஏறக்குறைய 55 லட்சம் பேர். வேறு எந்த வாக்கியத்தையும் அரசு இத்தனை பிள்ளைகளை இத்தனை முறை சொல்ல வைப்பதில்லை.

இந்த வாசகம் குடியரசோடு பிறந்தது என்று நினைப்பவர்கள் உங்கள் அவையிலும் இருக்கிறார்கள். பாஸ்டனில் வெளிவந்த ஒரு சிறுவர் இதழுக்காக 1892இல் பிரான்சிஸ் பெல்லமி எழுதியது இந்த உறுதிமொழி. கொலம்பஸ் வந்து 400 ஆண்டு ஆனதைப் பள்ளிகளில் கொண்டாடுவதற்காக எழுதினார். அவர் பாப்டிஸ்ட் போதகர். கடவுளைச் சேர்க்க அவருக்குத் தெரியாமல் இல்லை, அவர் சேர்க்கவில்லை. 1923இலும் 1924இலும் நடந்த மாற்றங்கள், “என் கொடி” என்றிருந்ததை அமெரிக்காவின் கொடி என்று தெளிவாக்கியதோடு சரி. 1942 ஜூன் 22 அன்று காங்கிரஸ் அதைச் சட்டமாக்கியபோது 29 சொல், அதிலும் கடவுள் இல்லை. 1892 முதல் 1954 வரை 62 ஆண்டுகள். இரண்டு உலகப் போர்களுக்கும் பிள்ளைகளை அனுப்பிய அமெரிக்கா அந்த உறுதிமொழியைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது. அந்தத் தலைமுறையின் நாட்டுப்பற்றில் குறை இருந்தது என்று உங்களில் ஒருவரும் சொல்லமாட்டீர்கள்.

1954இல் என்ன மாறியது? சோவியத் யூனியனோடு பனிப்போர். நைட்ஸ் ஆஃப் கொலம்பஸ் என்ற கத்தோலிக்க அமைப்பு சில ஆண்டுகளாகவே இந்தச் சொற்களைச் சேர்க்கச் சொல்லிவந்தது. மிச்சிகனைச் சேர்ந்த பிரதிநிதி லூயிஸ் ரபாட் 1953இலேயே தீர்மானம் கொண்டுவந்திருந்தார். 1954 பிப்ரவரி 7 அன்று வாஷிங்டன் தேவாலயம் ஒன்றில், அதிபர் ஐசன்ஹோவர் அமர்ந்து கேட்க, ஜார்ஜ் டாக்கர்ட்டி என்ற போதகர் பிரசங்கம் செய்தார். உறுதிமொழியில் கடவுள் இல்லாவிட்டால் மாஸ்கோப் பிள்ளைகள்கூட இதே போன்றதைத் தங்கள் கொடிக்குச் சொல்லலாமே என்பது அவர் வாதம். அதே பிரசங்கத்தில், கடவுளை நம்பாத அமெரிக்கர் என்பதே முரண் என்றும் சொன்னார். நான்கே மாதத்தில், ஜூன் 14 அன்று, ஐசன்ஹோவர் கையெழுத்திட்டார். இன்றிலிருந்து கோடிக்கணக்கான பள்ளிப் பிள்ளைகள் ஒவ்வொரு ஊரிலும் ஒவ்வொரு கிராமப் பள்ளியிலும் தினமும் இந்த நாட்டை எல்லாம்வல்லவருக்கு அர்ப்பணிப்பதாக அறிவிப்பார்கள் என்பது அன்றைய அவருடைய அறிக்கையின் சாரம்.

எல்லாம்வல்லவருக்கு அர்ப்பணிப்பு என்று கையெழுத்திட்டவரே சொல்லிவிட்டார். அதன் பிறகும் இது மதச் சார்பற்ற வெறும் மரபு என்று எங்களிடம் சொல்வது நேர்மையாக இல்லை.

டெக்சாஸ் உறுதிமொழியின் கதை உங்கள் அவைக்குள்ளேயே நடந்தது. 1933இல் அது “1836ஆம் ஆண்டின் டெக்சாஸ் கொடி” என்று தொடங்கியது. இன்றைய ஒற்றை நட்சத்திரக் கொடி 1839இல்தான் குடியரசின் தேசியக் கொடியானது என்பதால் அந்த ஆண்டு பிழை. 1965இல் உங்கள் அவை அதைத் திருத்தியது. தவறு தெரிந்ததும் திருத்தினீர்கள், வானம் இடிந்து விழவில்லை. பிறகு 2007இல் “ஒன் ஸ்டேட் அண்டர் காட்” சேர்ந்தது. பனிப்போரும் இல்லை, மாஸ்கோவும் இல்லை. கூட்டாட்சி உறுதிமொழியில் இருக்கிறதே, இதிலும் இருக்கட்டும் என்பதைத் தாண்டி ஒரு காரணமும் எங்களுக்குத் தெரியவில்லை. இன்று பட்டம் பெறும் மாணவர்களில் சிலருடைய அண்ணன் அக்காமார் இந்த வாசகம் இல்லாத டெக்சாஸ் உறுதிமொழியைச் சொல்லியே முதல் வகுப்பைத் தொடங்கினார்கள். தலைமுறை தலைமுறையாக வந்த மரபு என்ற பேச்சு டெக்சாஸ் வாசகத்துக்குச் செல்லாது.

இனி விலக்கைப் பற்றி. பிடிக்காதவர்கள் எழுதிக் கொடுக்கலாமே என்பதுதான் உங்கள் அலுவலகங்களிலிருந்து வரும் முதல் பதில். அந்த விலக்கு பள்ளிக்குள் எப்படி வேலை செய்கிறது, எங்கே உடைகிறது என்று எங்களுக்குத் தெரியும்.

சட்டம் “எழுத்துமூலக் கோரிக்கை” என்று சொல்லி நிறுத்திக்கொள்கிறது. மாநிலம் முழுவதற்கும் ஒரு படிவத்தை அது வகுக்கவில்லை. மாணவர் கையேட்டின் நடுவே ஒரு பத்தியாக இந்த உரிமை ஒளிந்திருக்கும். ஆகஸ்டில் சேர்க்கையின்போது ஏகப்பட்ட பக்கங்களைத் திரையில் தள்ளித் தள்ளிக் கையெழுத்திடும் பெற்றோரில் எத்தனை பேர் அதைப் பார்த்திருப்பார்கள்? பார்த்து எழுதுகிறவரின் கடிதம் ஃப்ரண்ட் ஆபீஸுக்குப் போகும். அங்கிருந்து வகுப்பாசிரியருக்குப் போனால் போயிற்று, இல்லாவிட்டால் கோப்பிலேயே கிடக்கும். வகுப்பாசிரியர் விடுப்பு எடுக்கும் நாளில் மாற்று ஆசிரியர் வருவார். அவர் கையில் கிடைக்கும் ஃபோல்டரில் வருகைப் பட்டியல், பாடத் திட்டம், நெருப்பு ஒத்திகை வழி, ஒவ்வாமை உள்ள பிள்ளைகள் பெயர் எல்லாம் இருக்கும். யாருக்கு உறுதிமொழியிலிருந்து விலக்கு என்பது பெரும்பாலும் இருக்காது. உட்கார்ந்திருக்கும் பிள்ளையை முப்பது பேர் பார்க்க “எழுந்திரு” என்பார். அவர் மேல் குற்றம் இல்லை. அவருக்கு யாரும் சொல்லவில்லை.

மிடில் ஸ்கூலிலும் ஹைஸ்கூலிலும் இன்னும் மோசம். அறிவிப்பு முதல் பீரியடில் வரலாம், இரண்டாவதிலும் வரலாம். ஸ்டார் என்ற மாநிலத் தேர்வு நாளிலும் சீக்கிரம் விடும் நாளிலும் மணி அட்டவணை மாறும். அன்றைக்குப் பிள்ளை வேறொரு ஆசிரியரிடம் இருக்கும், அவருக்கு விலக்கு பற்றி ஒன்றும் தெரியாது. அப்புறம் எழுந்து நிற்கும் பிரச்சினை. சட்டம் விலக்குத் தருவது “சொல்வதிலிருந்து”. நிற்பதைப் பற்றி அது வாய் திறக்கவில்லை. அதனால் சில ஆசிரியர்கள் நிற்கத்தான் வேண்டும் என்கிறார்கள், சிலர் உட்காரலாம் என்கிறார்கள், சிலர் பிள்ளையை வராந்தாவில் போய் நிற்கச் சொல்கிறார்கள். வகுப்பில் குறும்பு செய்த பிள்ளையை அனுப்பும் அதே வராந்தா. மற்றப் பிள்ளைகள் அதை என்னவென்று புரிந்துகொள்வார்கள் என்பதை நாங்கள் விளக்கத் தேவையில்லை.

காலை அறிவிப்பை வாசிக்கும் முறை வரும்போது விலக்குப் பெற்ற பிள்ளைக்கு அந்த வாய்ப்பே தவறிப்போகிறது, ஏனென்றால் அறிவிப்பு உறுதிமொழியோடுதான் தொடங்கும். தொடக்கப் பள்ளிப் பிள்ளைக்கு அது சின்ன இழப்பு அல்ல.

அந்த இரண்டு சொல்லை மட்டும் விட்டுவிட்டுச் சொன்னால் என்ன என்று கேட்கலாம். பெரிய பிள்ளைகள் அதைச் செய்கிறார்கள். ஆனால் 1992இல் லீ எதிர் வைஸ்மன் வழக்கில் உச்ச நீதிமன்றமே சொன்னது இதுதான்: பட்டமளிப்பு விழாவில் பிரார்த்தனை நடக்கும்போது பேசாமல் எழுந்து நிற்கும் மாணவரையும் சுற்றியிருப்பவர்கள் பங்கேற்றவராகத்தான் பார்ப்பார்கள். வாயை மூடி நிற்பது மறுப்பாகாது. ஆறு வயதுப் பிள்ளைக்கு ஓடும் வரியில் இரண்டு சொல்லைத் தாண்டிக் குதிக்கவும் வராது.

இதைவிட அடிப்படையான குறை ஒன்று உண்டு. 1943 ஜூன் 14 அன்று பார்னெட் வழக்கில், எந்த மாணவரையும் கொடி வணக்கத்துக்குக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 6க்கு 3 என்று தீர்ப்பளித்தது. அதற்கு மூன்றே ஆண்டு முன்பு இதே நீதிமன்றம் 8க்கு 1 என்று நேர்மாறாகச் சொல்லியிருந்தது. அந்த முதல் தீர்ப்புக்குப் பின், கொடி வணக்கத்தை மறுக்கும் கிறிஸ்தவப் பிரிவினரான ஜெஹோவாவின் சாட்சிகள் ஊர் ஊராகத் தாக்கப்பட்டார்கள், பிள்ளைகள் பள்ளியிலிருந்து நீக்கப்பட்டார்கள். அரசியல், தேசியம், மதம் எதிலும் எது சரியான கருத்து என்று பெரிய அதிகாரியோ சின்ன அதிகாரியோ விதிக்க முடியாது என்று நீதிபதி ராபர்ட் ஜாக்சன் எழுதினார். அடிப்படை உரிமைகள் வாக்கெடுப்புக்கு விடத் தக்கவை அல்ல என்றும் எழுதினார். அந்த உரிமை மாணவருக்குத் தரப்பட்டது. டெக்சாஸ் சட்டமோ அதைப் பெற்றோரின் கடிதத்துக்குள் அடக்கிவிட்டது. உறுதிமொழியின்போது உட்கார்ந்திருந்த ஹூஸ்டன் பகுதி மாணவி தொடுத்த வழக்கில் 2018இல் மாநில அட்டர்னி ஜெனரல் தலையிட்டு இந்தப் பெற்றோர்-கடித விதியைத்தான் தாங்கிப் பிடித்தார். 17 வயது மாணவர் தன் மனசாட்சியைப் பற்றி அப்பா அம்மாவிடம் கடிதம் வாங்கி வர வேண்டும் என்பது பார்னெட் தீர்ப்பில் எந்த வரியிலும் இல்லை.

எங்கள் சமூகத்தில் இந்தக் கடிதம் ஏன் எழுதப்படுவதில்லை என்பதையும் நீங்கள் அறிய வேண்டும். டல்லாஸுக்கு வடக்கிலும் ஹூஸ்டனுக்கு மேற்கிலும் ஆஸ்டினைச் சுற்றியும் வாழும் தமிழ்க் குடும்பங்களில் நிறையப் பேர் எச்-1பி விசாவில் இருக்கிறார்கள், கிரீன் கார்டு வரிசையில் ஆண்டுக்கணக்காக நிற்கிறார்கள். “என் பிள்ளை அமெரிக்கக் கொடிக்கு உறுதிமொழி சொல்லாது” என்று கையெழுத்திட்ட காகிதம் ஒரு அரசு அலுவலகக் கோப்பில் இருப்பதை அவர்கள் நினைத்தாலே நடுங்குகிறார்கள். நாளைக்கு எந்த மேசையில் அது எப்படி வாசிக்கப்படுமோ என்ற பயம். பெற்றோருக்கு இங்கேயே சொல்லிவிடுகிறோம்: மாணவர் பதிவேடுகளைப் பெற்றோர் அனுமதியின்றி வெளியே கொடுப்பதை 1974ஆம் ஆண்டின் கூட்டாட்சிச் சட்டம் கட்டுப்படுத்துகிறது. உறுதிமொழி சொல்லாததற்குத் தண்டனை கூடாது என்பது 1943 முதல் நாட்டின் சட்டம். குடியுரிமை இருக்கிறதா என்று பார்த்து உறுதிமொழியைச் சொல்ல வைக்கவும் 25.082 சொல்லவில்லை. இத்தனை இருந்தும் பயம் போகவில்லை. உறுப்பினர்களே, ஒரே ஒரு வாசல் வைத்து, அதிலும் பெயர் எழுதி உள்ளே வா என்றால், அதிகம் பயப்படுகிறவர்களுக்குத்தான் அந்த வாசல் முதலில் அடைபடும்.

அந்தக் கடிதம் வேறொன்றையும் பொய்யாக்குகிறது. பிள்ளை மறுப்பது இரண்டு சொல்லை. கடிதமோ 31 சொல்லையும் மறுக்கிறது. சுதந்திரமும் நீதியும் எல்லாருக்கும் என்ற வரியை மனமாரச் சொல்ல நினைக்கும் பிள்ளையை, நாட்டுக்கு உறுதி கூற மறுத்த பிள்ளை என்று பதிய வைக்கிறீர்கள்.

வளர்ந்தவர்களை இந்த நாடு இப்படி நடத்துவதில்லை. 1787இல் எழுதிய அரசியலமைப்பு, அதிபருக்கே சத்தியம் செய்யவும் அல்லது உறுதி கூறவும் இரண்டு வழி வைத்தது. பதவிக்கு மதத் தேர்வு கூடாது என்று ஆறாம் பிரிவில் எழுதியது. குடியுரிமை பெறுகிறவர் நீதிபதி முன் நின்று எடுக்கும் உறுதிமொழியின் கடைசியில் வரும் “கடவுள் எனக்குத் துணை” என்ற சொற்களை விட்டுவிட்டு மற்றதைக் கூறலாம், அவர் குடியுரிமையில் ஒரு குறையும் வராது. கொடி உறுதிமொழிக்கான கூட்டாட்சிச் சட்டப் பிரிவே, ஆண்கள் தொப்பியைக் கழற்ற வேண்டும் என்று சொல்லும் இடத்தில், மதம் சார்ந்த தலையணிக்கு விலக்குத் தருகிறது. தலைப்பாகைக்குக் காட்டிய அக்கறையை அதே பிரிவு பிள்ளையின் மனசாட்சிக்குக் காட்டவில்லை. நாற்பது வயதில் குடிமகனாகும் தந்தை கடவுளைத் தவிர்த்து முழு உறுதி கூறலாம், அவருடைய ஆறு வயது மகள் கூற முடியாது. இதற்கு என்ன நியாயம் சொல்வீர்கள்?

எங்களில் பெரும்பாலோர் வளர்ந்த முறையும் இதற்கு ஒரு சான்று. “இந்தியா எனது தாய்நாடு, இந்தியர் அனைவரும் என் உடன்பிறந்தோர்” என்று பாடப்புத்தகத்தில் அச்சிட்ட உறுதிமொழியைச் சொல்லிப் படித்தவர்கள் நாங்கள். 1962இல் பைடிமர்ரி வெங்கட சுப்பாராவ் தெலுங்கில் எழுதியது அது. கடவுள் பெயர் அதில் இல்லை. கோயில் மணியும் பாங்கொலியும் தேவாலய மணியும் ஒரே தெருவில் கேட்கும் நாட்டின் உறுதிமொழி அது. அரசியலமைப்பு முகவுரையைக் கடவுள் பெயரால் தொடங்க வேண்டும் என்று எச்.வி. காமத் 1949 அக்டோபரில் கொண்டுவந்த திருத்தத்தை அரசியல் நிர்ணய சபை 68க்கு 41 என்று தள்ளுபடி செய்தது. தமிழ்நாட்டில் அமைச்சர்கள் பதவியேற்கும்போது ஒருவர் “கடவுளறிய” என்பார், அடுத்தவர் “உளமார” என்பார். இருவருக்கும் ஒரே பதவி, ஒரே பொறுப்பு. 1985இல் கேரளத்தில் தேசிய கீதத்துக்கு மரியாதையாக எழுந்து நின்றும் பாடாத மூன்று பிள்ளைகளைப் பள்ளி நீக்கியது. மறு ஆண்டு இந்திய உச்ச நீதிமன்றம் அவர்களைத் திரும்பச் சேர்க்கச் சொன்னது. அந்தத் தீர்ப்பில் நீதிபதி சின்னப்ப ரெட்டி துணைக்கு அழைத்தவற்றில் உங்கள் நாட்டின் பார்னெட் தீர்ப்பும் ஒன்று. அமெரிக்கா கொடுத்ததை அங்கே மதித்து ஏற்றார்கள். அதை இங்கேயும் மதிக்கச் சொல்கிறோம்.

நீதிமன்றங்கள் இதை ஏற்றுக்கொண்டுவிட்டன என்பது அடுத்த பதில். உண்மைதான். 2010இல் ஐந்தாவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் டெக்சாஸ் உறுதிமொழியின் வாசகத்தை அனுமதித்தது. மகளின் பள்ளியில் சொல்லப்படும் “அண்டர் காட்” சொற்களை எதிர்த்துக் கலிபோர்னியாவிலிருந்து ஒரு தந்தை கொண்டுவந்த நியூடோ வழக்கை, 2004இல், அவருக்கு வழக்குத் தொடுக்கும் தகுதி இல்லை என்று சொல்லி உச்ச நீதிமன்றம் முடித்துவைத்தது. அன்றைக்கு நீதிபதி சாண்ட்ரா டே ஓகானர் இதைச் சடங்குச் சொல் என்றார். நீதிபதி கிளாரன்ஸ் தாமஸோ, 1992இன் லீ எதிர் வைஸ்மன் முன்தீர்ப்பை அப்படியே பொருத்தினால் இந்த உறுதிமொழி நிற்காது என்று ஒப்புக்கொண்டு, அந்த முன்தீர்ப்பே தவறு என்றார். இருவரும் ஒரே முடிவுக்கு வந்தார்கள், ஒருவர் சொன்ன காரணத்தை மற்றவர் ஏற்கவில்லை. தாமஸ் சொன்னதுதான் நேர்மையான வாசிப்பு என்று நாங்கள் நினைக்கிறோம். எப்படியானாலும் நாங்கள் வழக்குப் போட வரவில்லை. நீதிமன்றம் அனுமதித்தது என்றால் நீங்கள் வைத்துக்கொள்ளலாம் என்று பொருள். வைத்துக்கொண்டே ஆக வேண்டும் என்று எந்தத் தீர்ப்பும் சொல்லவில்லை. சேர்த்தது சட்டமன்றம், நீக்க வேண்டியதும் சட்டமன்றமே.

லிங்கனும் 1863இல் கெட்டிஸ்பர்க்கில் “அண்டர் காட்” என்றார் என்பதையும் அடிக்கடி கேட்கிறோம். லிங்கன் தன் வாயால் தன் சொல்லைச் சொன்னார். கேட்டவர்கள் யாரையும் திருப்பிச் சொல்லச் சொல்லவில்லை.

பக்தியுள்ளவர்களிடம் ஒரு வார்த்தை. தினமும் அரைத் தூக்கத்தில், பாதி அர்த்தம் புரியாமல், வருகைப் பதிவுக்கும் மதிய உணவு அறிவிப்புக்கும் நடுவே சொல்லித் தீர்க்கும் சொல்லாகக் கடவுள் பெயர் ஆகிவிட்டது. அது வெறும் சடங்கு என்று சொல்லித்தான் நீதிமன்றத்தில் அதைக் காப்பாற்றுகிறார்கள். எங்களில் தேவாலயத்துக்குப் போகிறவர்களுக்கு இது மனவருத்தம் தருகிறது. விசுவாசத்தைப் பிள்ளைக்குச் சொல்லித்தர வீடு இருக்கிறது, சபை இருக்கிறது. ஸ்பீக்கர் வேண்டாம்.

ஆகவே நாங்கள் கேட்பவை இவை.

சட்டமன்ற உறுப்பினர்களே, 2027 ஜனவரியில் கூடும் 90ஆவது சட்டமன்றத்தில், அரசாங்கச் சட்டத் தொகுப்பின் 3100.101ஆம் பிரிவிலிருந்து 2007இல் நுழைத்த சொற்களை நீக்கி, 1965இன் வாசகத்தைத் திரும்பக் கொண்டுவாருங்கள். ஒரு வரி மசோதா போதும். வாஷிங்டனின் அனுமதி தேவையில்லை. அதே கூட்டத்தொடரில், கூட்டாட்சி உறுதிமொழியை 1942இன் 29 சொல்லுக்குத் திருப்பும்படி அமெரிக்கக் காங்கிரஸைக் கேட்டு ஈரவைத் தீர்மானம் நிறைவேற்றுங்கள்.

காங்கிரஸ் எப்போது அசையும் என்று காத்திருக்க வேண்டாம். 25.082ஐத் திருத்துங்கள். மறுக்கும் உரிமை மாணவருடையது, பெற்றோர் கடிதம் கட்டாயமில்லை என்று எழுதுங்கள். நிற்பதும் கையை நெஞ்சில் வைப்பதும் அந்த உரிமைக்குள் அடங்கும் என்று எழுதுங்கள். “அண்டர் காட்” இல்லாமல் உறுதிமொழி கூறும் பிள்ளை முழு உறுதிமொழி கூறியதாகவே கொள்ளப்படும் என்றும் எழுதுங்கள். இவற்றுக்கு மனம் வரவில்லை என்றால், செனட் மசோதா 11இல் எழுதிய ஒப்புதல் விதியையாவது இங்கேயும் வையுங்கள்: கடவுள் வாசகத்தைச் சொல்ல வைக்கும் முன் வீட்டைக் கேளுங்கள்.

அறங்காவலர்களே, உங்கள் பங்குக்குப் புதிய சட்டம் எதுவும் வேண்டாம். வரும் ஆகஸ்டில் பள்ளி திறக்கும் முன் சேர்க்கைப் படிவத்தின் முதல் பக்கத்திலேயே விலக்குக் கட்டத்தை வையுங்கள், காரணம் கேட்காதீர்கள், ஆண்டுதோறும் புதுப்பிக்கச் சொல்லாதீர்கள். மாற்று ஆசிரியர் ஃபோல்டரில் “உறுதிமொழியின்போது யாரையும் நிற்கவோ சொல்லவோ வற்புறுத்த வேண்டாம்” என்ற ஒரு வரியைச் சேருங்கள். பெயர்ப் பட்டியலே வேண்டாம், அந்த ஒரு வரி எல்லாப் பிள்ளைகளையும் காக்கும். எந்தப் பிள்ளையையும் வராந்தாவுக்கு அனுப்பக் கூடாது என்று எழுத்தில் உத்தரவிடுங்கள். காலை அறிவிப்பை வாசிக்கும் மாணவரும் உறுதிமொழியை நடத்தும் மாணவரும் வேறு வேறாக இருக்கலாம் என்று முதல்வர்களுக்குச் சொல்லுங்கள். ஆகஸ்ட் ஆசிரியர் பயிற்சியில் பார்னெட் தீர்ப்புக்குப் பத்து நிமிடம் ஒதுக்குங்கள்.

மசோதாக்களை முன்கூட்டியே தாக்கல் செய்யும் காலம் 2026 நவம்பர் 9 அன்று தொடங்குகிறது. அதற்குள் உங்களில் யார் இந்த மசோதாவைக் கொண்டுவரப் போகிறீர்கள், யார் ஆதரிக்கப் போகிறீர்கள், யார் மறுக்கிறீர்கள், ஏன் மறுக்கிறீர்கள் என்பதை எழுத்தில் தெரிவிக்கக் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
டெக்சாஸ் பொதுப்பள்ளிகளின் தமிழ் ஆசிரியர்கள், பெற்றோர்கள் சிலர்